குடிநோயும் தோழமைக் கூட்டமும்

திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ என்னும் அதிகாரத்தைப் பள்ளியில் படிக்காதவர் நம்முள் இரார். அதன் இறுதி இரண்டு குறட்பாக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் அரிய உண்மை புலப்படும். குடித்து மயங்கியிருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவதை ஒக்கும் என்பது முன்னதன் கருத்து. குடிக்காதிருக்கும் வேளையில் ஒருவன், மயங்கிக் கிடக்கும் மற்றொருவனைக் காணும்போது, தன் சோர்வும் இத்தகையதே என்று எண்ணிப் பாரானோ என்பது பின்னதன் கருத்து. முன்னது அறிவுரையின் எல்லையைச் சொல்கிறது. பின்னது வேறொரு வழியைக் காட்டுகிறது. தன்னைப் போன்ற ஒருவனிடத்தில் தன்னைக் காண்பதே அவ்வழி.

குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் ஒன்றுகூடும் தோழமைக் கூட்டங்கள் இவ்வழியிலேயே இயங்குகின்றன. அவை எவ்வாறு தோன்றின, அங்கு நடப்பது என்ன, டில்லியில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர்க்கு அத்தகைய கூட்டம் தேவைப்பட்டால் எங்ஙனம் கண்டடைவது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத நேர்ந்த காரணம்

எங்கள் விடுதியில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். அவர் குடிப்பது எங்கள் அனைவர்க்கும் தெரியும். காலையில் ஆய்வகம் செல்லுமுன்னரே குடிக்கத் தொடங்கிவிட்டார் என்பது சிலர்க்கே தெரியும். ஒருநாள், ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழுத பின்னர், அவர் தம்மிடமிருந்த புட்டிகளையெல்லாம் எங்கள் கண்முன்னே கொட்டிக் கவிழ்த்தார். இனித் தொடுவதில்லை என்று சூளுரைத்தார். நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மனம் மாறிவிடாமலிருக்க முறைவைத்துக் காவல் இருந்தோம்.

முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் உறக்கமில்லை, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் இரவு, வெறுஞ் சுவரில் எறும்புகள் ஊர்கின்றன என்றார். அறையில் இல்லாத தாயாரோடு பேசத் தொடங்கினார். அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இன்னும் தாமதித்திருந்தால் உயிர்க்கே கேடு நேர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். உயிர் வேதியியலைப் பாடமாகப் பயிலும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்புடன் காவல் இருந்த நாங்கள், அறியாமையால் அவரைச் சாவின் விளிம்பில் நிறுத்தியிருந்தோம். அந்த வெட்கமே இதை எழுதத் தூண்டிற்று. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.

குடி நோயா, குணக்கேடா?

மன உறுதி இல்லாதவன் குடிக்கிறான் என்பது பொதுவான எண்ணம். முதற் கோப்பைக்கு அது பொருந்தலாம். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்க்குப் பொருந்தாது. காரணம் மூளையின் அமைப்பில் உள்ளது.

நரம்பணுக்களின் செயலை அடக்கும் வேதிப்பொருள்களும் மூளையில் உண்டு. தூண்டும் வேதிப்பொருள்களும் உண்டு. அடக்குவனவற்றுள் தலையாயது காபா; தூண்டுவனவற்றுள் தலையாயது குளூட்டமேட். மது, காபாவின் செயலை மிகுவிக்கிறது. குளூட்டமேட்டின் செயலைத் தடுக்கிறது. குடித்தவர்க்கு அச்சமும் கூச்சமும் குறைவதும், பின்னர் நாக்குழறி உறக்கம் வருவதும் இதனால்தான். நாள்தோறும் இது நிகழுமானால் மூளை வாளா இருப்பதில்லை. ஒரு தட்டில் எடை ஏறினால் மறுதட்டில் எடை ஏற்றித் தராசைச் சமன் செய்வதுபோல், அது தன்னையே மாற்றிக்கொள்கிறது. முன்பு மயக்கம் தந்த அளவு இப்பொழுது போதாமற் போவதன் காரணம் இதுவே. இந்நிலையில் மதுவைத் திடீரென நிறுத்துவது, முதல் தட்டின் எடையை ஒரேயடியாக எடுப்பதாகும். மறுதட்டு தாழ்ந்து தராசே கவிழ்கிறது.

குடித்து நிறுத்திய சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கமும் பதற்றமும் தோன்றும். முதல் 48 மணி நேரத்திற்குள் சிலர்க்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில், சிலர்க்கு அறிவு பிறழ்ந்து, இல்லாதன தோன்றும் கொடிய நிலை உண்டாகலாம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்க்கே இத்துன்பம் பெரிதும் நேரும். தக்க மருந்துகளாலும் வைட்டமின் பி1 செலுத்துவதாலும் மருத்துவர் இதனைத் தடுக்க இயலும். ஆதலின், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்னும் நிலையிலுள்ளவர் மருத்துவர் துணையின்றித் தாமே நிறுத்தலாகாது. இக்கட்டுரையில் மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இவ்வொன்றை மறவாதீர்கள்.

அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956-இல் இதனை நோயென ஏற்றது. நம் தமிழகத்தில் டி. டி. ரங்கநாதன் என்பார் இளமையிலேயே குடிநோயால் மறைந்தார். அவர் துணைவியார் சாந்தி ரங்கநாதன் அத்துயரத்தோடு முடங்கிவிடாமல், 1980-இல் சென்னையில் குடிநோயாளர்க்கென ஒரு மருத்துவ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

நாட்டின் நிலை என்ன? எய்ம்ஸ் மருத்துவக் கழகத்தின் தேசியப் போதை மருத்துவ மையம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியருள் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர் என்றும், 2.7 விழுக்காட்டினர் மதுவைச் சார்ந்தே வாழும் நிலையில் உள்ளனர் என்றும் அது கூறுகிறது. அந்நிலையில் உள்ளவருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றதாகத் தெரிவித்தனர். எஞ்சிய 37 பேர் எங்கே? அவர்கள் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் இருக்கின்றனர்.

தோழமை பிறந்த கதை

1935-ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க் நகரத்துப் பங்குத் தரகர் பில் வில்சன், தொழில் நிமித்தம் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டு அப்பொழுது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியுற்றது. தங்கியிருந்த ஓட்டலின் கூடத்தில் ஒரு புறம் மதுக்கடை, மறுபுறம் தொலைபேசி. குடிப்பதா, வேண்டாவா என்று அவர் மனம் ஊசலாடியது. முந்தைய மாதங்களில் அவர் பல குடியர்களுக்கு உதவ முயன்றிருந்தார். அவர்களுள் ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும் அம்முயற்சியில் ஈடுபட்ட காலமெல்லாம் தாம் குடிக்காமல் இருந்ததை அவர் நினைத்தார். தொலைபேசியை எடுத்தார். இவ்வூரில் தாம் பேசுதற்குரிய குடிநோயாளி ஒருவர் கிடைப்பாரா என்று மதகுரு ஒருவரிடம் கேட்டார்.

அவ்விசாரணையின் பயனாக, மறுநாள் மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பாப் அறுவை மருத்துவர். தம் நோயைப் பற்றிய நூலறிவு அவர்க்குக் குறைவில்லை. ஆயினும் குடியை விட இயலவில்லை. கால் மணி நேரத்திற்குமேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். பாப் அதில் தம் கதையைக் கேட்டார். இடையில் ஒருமுறை பாப் சறுக்கினார். பிறகு 1935 ஜூன் 10-ஆம் நாள் அவர் குடித்ததே இறுதியாயிற்று. அந்நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்பது அப்பெயரின் பொருள். சுருக்கமாக ஏ.ஏ. என்பர். இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் அது இயங்குகிறது. இந்தியாவில் அது 1957-இல் வேர்கொண்டது.

கூட்டத்தில் நடப்பது என்ன?

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடைபெறும். தேவாலயத்தின் பின்னறையோ பள்ளி வகுப்பறையோ இடமாக இருக்கலாம். இடம் தேவாலயம் என்பதால் கூட்டம் ஒரு சமயத்தைச் சேர்ந்தது என்று எண்ண வேண்டா. ஒருவர் தலைமை தாங்குவார்; அவரும் நோயிலிருந்து மீண்டு வருபவரே. விரும்புவோர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லித் தம் அனுபவத்தைக் கூறுவர். ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை, தீர்ப்பும் கூறுவதில்லை. பேச விரும்பாதவர் வாளா இருந்து கேட்கலாம்.

கட்டணம் இல்லை. செலவுக்கு உறுப்பினர் தாமே இயன்றதை இடுவர். புதியவர் இட வேண்டுவதில்லை. குடியை நிறுத்தவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி. வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன் என்று அங்கு எவரும் சூளுரைப்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருப்போம் என்பதே அவர்கள் கொள்கை. மலையை ஒரே தாவலில் ஏற முயன்று விழுந்தவர்க்கு, ஒரு படியை மட்டும் காட்டும் முறை இது. சில நாள் சென்றபின், முன்னரே மீண்ட ஒருவரைத் தம் வழித்துணையாகக் கொள்ளலாம். நள்ளிரவில் ஆசை எழுந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு. பகுத்தறிவு வழி நிற்கும் மாணவர் சிலர்க்கு இது தடையாகத் தோன்றலாம். அவரவர் உணர்ந்தவாறு கொள்ளும் ஓர் உயர் ஆற்றல் என்றே அப்படிகள் சொல்கின்றன. கூட்டத்தின் ஒற்றுமையையே அவ்வாற்றலாகக் கொண்ட நாத்திகரும் உளர். அதுவும் ஒவ்வாதெனில், 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்மார்ட் ரிகவரி என்னும் அமைப்பு, இறைவனைக் குறிப்பிடாமல் உளவியல் பயிற்சிகளைக் கொண்டு இதே பணியைச் செய்கிறது. அதன் கூட்டங்களில் இணையவழியாகவும் கலந்துகொள்ளலாம்.

இவற்றால் பயன் உண்டா என்று அறிவியல் மாணவர் கேட்பது முறையே. 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் செய்திகளோடு தொகுத்து நோக்கிற்று. ஏ.ஏ. வழியில் முறைப்படி ஈடுபடுத்தப்பெற்றவருள் ஓராண்டிற்குப் பின் முற்றும் குடியாதிருந்தவர் 42 விழுக்காட்டினர். பிற சிகிச்சை பெற்றவருள் 35 விழுக்காட்டினர். இது மந்திரமன்று என்பதும் இவ்வெண்களிலேயே விளங்கும். பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டிற்குள் மீண்டும் ஒருமுறையேனும் குடித்தனர். ஆகவே சறுக்கல் நேர்ந்தவர் தாம் ஒருவரே தோற்றதாக எண்ணிக் கூட்டத்தை விட்டு ஓடவேண்டுவதில்லை.

தேடும் வழி

முதலாவது, தன் நிலையை அளந்தறிதல். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த ‘ஆடிட்’ என்னும் பத்து வினாக்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் எச்சரிக்கை வேண்டும். இருபதைத் தாண்டினால் மருத்துவரை நாடுவதே முறை.

இரண்டாவது, மருத்துவர். பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கலாம். தில்ஷாத் கார்டன் பகுதியிலுள்ள இபாஸ் மருத்துவமனையும், காசியாபாத்திலுள்ள எய்ம்ஸின் தேசியப் போதை மருத்துவ மையமும் அரசு நிறுவனங்கள். செய்தி வீட்டிற்கும் துறைத் தலைவர்க்கும் எட்டிவிடுமோ என்று அஞ்சுவோர் பலர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. உறவினர் சொற்கேட்டு ஆட்களைப் பூட்டி வைக்கும் தனியார் ‘மறுவாழ்வு’ விடுதிகளும் சில உண்டு. அவற்றையும் தோழமைக் கூட்டத்தையும் ஒன்றெனக் கருதவேண்டா. கூட்டத்திற்குத் தானே வருகிறான், தானே போகிறான்.

மூன்றாவது, தொலைபேசி. போதை மீட்புக்கான மைய அரசின் கட்டணமில்லா எண் 14446. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். ஏ.ஏ.யின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் உள்ளது. அதன் இணையதளத்தின் வாயிலாக ஊர்தோறும் நடைபெறும் கூட்டங்களை அறியலாம்.

நான்காவது, போகுமுன் கேட்டறிதல். கூட்டங்கள் இடமும் நேரமும் மாறுவதுண்டு. ஆதலால் பட்டியலை மட்டும் நம்பிப் புறப்படாமல், தொடர்பு எண்ணில் பேசி நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். இவ்வாரம் கூட்டம் உண்டா? எந்த மொழியில் நடைபெறும்? எந்த வாயில் வழியாக வரவேண்டும்? அது திறந்த கூட்டமா, உறுப்பினர்க்கு மட்டும் உரியதா? திறந்த கூட்டத்திற்கு நண்பரோ உறவினரோ உடன் செல்லலாம். முதல் முறை தனியே படியேறத் தயங்குவோர்க்கு இது பெருந்துணை. பெண்களுக்கெனத் தனியே நடைபெறும் கூட்டங்களும் உள்ளன; மாணவியர் அவற்றைக் கேட்டறியலாம்.

ஐந்தாவது, தேர்ந்தெடுத்தல். பல கூட்டங்களுள் எது சிறந்தது? மனம் உடைந்த ஒரு மாலையில், மழையிலும், கையில் பணமில்லாதபோதும் போய்ச் சேரக்கூடிய தொலைவில் உள்ளதே சிறந்தது. மூன்று மெட்ரோ மாறிச் செல்லவேண்டிய புகழ்பெற்ற கூட்டத்தைவிட, நடந்து செல்லும் தொலைவில் ஆறு பேர் கூடும் கூட்டம் மேலானது. ஒரு முறை சென்று மனம் ஒன்றவில்லை என்றால், வேறு இரண்டு மூன்று கூட்டங்களையும் பார்த்த பின்னரே முடிவு செய்க.

ஆறாவது, மொழி. டில்லிக் கூட்டங்களில் பெரும்பாலும் கேட்பது இந்தியும் ஆங்கிலமும். நம்முள் பலர்க்கு இந்தி கடைத்தெரு அளவே வரும். துயரத்தைச் சொல்லத் தாய்மொழியே வேண்டும் என்பதும் மெய். ஆயினும் கேட்பதற்கு அவ்வளவு மொழி வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது சென்னையில் தமிழ்க் கூட்டங்களில் அமரலாம். அயலூரில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. இங்கே நம் தெருவினர் ஒருவரும் இரார். பெயர் கெடும் என்னும் அச்சம் பாதியாகக் குறைகிறது.

உடனிருப்போர் கடமை

குடிக்கும் நண்பனுக்கு நாம் செய்யும் உதவிகள் பலவும் குடிக்குச் செய்யும் உதவிகளாக முடிகின்றன. அவனுக்காக வருகைப் பதிவு இடுகிறோம், ஆசிரியரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்கிறோம், கடன் கொடுக்கிறோம். மறுபுறம், அவன் மயங்கியிருக்கும் வேளையில் நீண்ட அறிவுரை கூறுகிறோம். அதுவே நீருக்குள் தீவட்டி. தெளிந்திருக்கும் காலை வேளையில் சுருக்கமாக, “நானும் வருகிறேன், போவோம்” என்று சொல்வது அதனினும் பயன் தரும். குடிநோயாளரின் குடும்பத்தினர்க்கும் நண்பர்க்கும் 1951 முதல் அல்-அனான் என்னும் தனித் தோழமை இருக்கிறது. அண்ணனுடைய தாயார் ஊரில் இன்று அத்தகைய கூட்டம் ஒன்றிற்குச் செல்கிறார்.

நானும் அண்ணனோடு ஒரு திறந்த கூட்டத்திற்குச் சென்றேன். அங்குக் கேட்டதை வெளியில் சொல்லலாகாது என்பது நெறி. ஆதலின் அதனை எழுதேன். திரும்பும் வழியில் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் நின்று அவர் என்னிடம் கூறியதை மட்டும் எழுதலாம். “இத்தனை நாள் உலகத்திலே நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி” என்றார்.

அதன்பின் ஒருமுறை, ஊரில் ஒரு திருமணத்தில், அவர் சறுக்கினார். டில்லிக்குத் திரும்பியவர் பெட்டியை அறையில் வைத்துவிட்டு நேரே கூட்டத்திற்குச் சென்றார். எவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்களாம். இன்று அவர் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்பதில்லை. கேட்டால் “இன்று” என்றே சொல்வார்.

நம் தமிழ்ச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா அறிவிப்பும் பட்டிமன்ற அறிவிப்பும் ஒட்டும் பலகையில், 14446, 14416 என்னும் இரண்டு எண்களையும், அருகில் நடைபெறும் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் எழுதி ஒரு மூலையில் ஒட்டி வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்துத் திருத்துங்கள். யார் அதைப் பார்க்கிறார் என்று நோக்காதீர்கள். முப்பத்தெட்டில் ஒருவராக இருப்பவர் இருவராகட்டும்.